தலையில் பூசும் மருந்தை வாங்கும் முன்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு பார்மசியில் 19 வருடமாக மருந்தாளராக நிற்கிறேன். தலைமயிர் விஷயமாக வருபவர்களை உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும். கடையில் வேறு ஆட்கள் நின்றால் ஒரு கார்ட் பனடோல் கேட்பார்கள், பால்மாவின் விலையை விசாரிப்பார்கள், கண்ணாடி அலுமாரிக்குள் தொங்கும் சீப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் போனதும் தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, "மிஸ், இதுக்கு நல்லதா ஒண்டு தாங்கோ" என்பார்கள். பெண்கள் பெரும்பாலும் வாயால் சொல்வதில்லை. போனை நீட்டி, மகளோ தங்கையோ மேலிருந்து எடுத்த வகிட்டின் படத்தைக் காட்டுவார்கள்.

அந்தக் கேள்விக்குள் இருக்கும் கூச்சமும் கவலையும் எனக்குத் தெரியும். பின்னால் நான்கு பேர் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு நிற்கும்போது ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

என் மேசை லாச்சிக்குள் ஒரு போத்தல் இருக்கிறது. 100 மில்லிலீற்றர், பச்சை மூடி, முன்பக்கம் இடுப்புக்குக் கீழே மயிர் தொங்கும் ஒரு பெண்ணின் படம். பின்பக்கத்தைத் திருப்பினால் 'நூறு வீதம் இயற்கை' என்று மூன்று மொழியிலும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை வீதம், யார் செய்தது, எந்த முகவரி, எந்தத் தொகுதி (பேட்ச்), எப்போது காலாவதி, இதில் ஒன்றுகூட இல்லை. என் தங்கச்சி வாங்கிய போத்தல் அது. ஒரு ஜூன் மாதம் அவளுக்கு டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். செப்டெம்பரில் தலை சீவினால் கை நிறைய வந்தது. அக்கா பார்மசியில் இருக்கிறாள்தான், ஆனாலும் அக்காவிடம் கேட்க வெட்கம். பேஸ்புக்கில் பார்த்து 4,800 ரூபாய் கொடுத்து வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். இரண்டாம் வாரம் தலையில் சின்னச் சின்னக் கொப்புளம். மூன்றாம் வாரம் தலையணை உறையில் மஞ்சள் நிறத்தில் நீர்க்கறை. அன்றுதான் எனக்கு அழைப்பு வந்தது.

தோல் டொக்டர் தலையைப் பார்த்து இரண்டு விஷயம் சொன்னார். கொட்டுவது காய்ச்சலால், அது தானாக நிற்கும். கொப்புளம் எண்ணெயால், அதை இன்றே நிறுத்த வேண்டும். எண்ணெயில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டோம். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எழுத்து எதுவும் இருந்தால்தானே சொல்வதற்கு. எதனால் வந்தது என்று தெரியாததால் இனி எதைத் தவிர்ப்பது என்பதும் தெரியாது. இன்றுவரை அவள் புதிதாக எதைத் தலையில் வைத்தாலும் பயந்து பயந்துதான் வைக்கிறாள். மயிர் மார்ச் மாதமளவில் நெற்றியோரம் குட்டை குட்டையாக முளைத்து வந்துவிட்டது, எந்த மருந்தும் இல்லாமல்.

முதலில், எந்தக் கொட்டல்?

எந்தப் போத்தல் என்பதை அப்புறம் பார்ப்போம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 மயிர் வரை விழுவது எல்லோருக்கும் நடப்பது. அதற்கு மேல் போனால், நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உங்களுக்கு என்ன நடந்தது?

பிள்ளைப்பேறு, டெங்கு, பெரிய காய்ச்சல், சத்திரசிகிச்சை, திடீரென்று பத்துக் கிலோ குறைத்தது, வீட்டில் ஒரு சாவு. இப்படி ஏதாவது உடம்பை உலுக்கினால், வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன மயிர் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் மொத்தமாக உதிரும். அதனால்தான் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. காய்ச்சல் மறந்துபோயிருக்கும், பழி ஷாம்புக்கோ தண்ணிக்கோ போகும். இந்தக் கொட்டலுக்குப் பூசும் மருந்து அநேகமாகத் தேவையில்லை. சுமார் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். அந்த ஆறு மாதத்துக்குள் எந்த எண்ணெயைப் பூசினாலும் அந்த எண்ணெய்தான் வளர்த்தது போலத் தோன்றும். பேஸ்புக்கில் வரும் 'முன்பு, பின்பு' படங்களில் நிறைய இந்த வகைதான் என்பது என் அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் 'கொழும்புத் தண்ணி தலைமயிரைக் கொட்டுது' என்று அடித்துச் சொல்வார்கள். தண்ணீரின் தன்மையால் மயிர் வறண்டு இடையில் முறியலாம், வேரோடு விழாது. விழுந்த மயிரை வெள்ளைக் கடதாசியில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் சின்ன வெள்ளை முனை இருந்தால் அது வேரோடு வந்தது. இல்லாவிட்டால் முறிந்தது. வந்த இடம் புதிது, சாப்பாடு அரைகுறை, பரீட்சைப் பயம், நித்திரை இல்லை. தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை.

இரண்டாவது வகை மெதுவாக, வருடக்கணக்கில் வருவது. ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலையும் உச்சியும், பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போவது. பரம்பரை சார்ந்தது இது, தாய் வழியிலும் வரும், தகப்பன் வழியிலும் வரும். கடையில் துண்டில்லாமல் வாங்கிப் பூசும் மருந்துக்கு உண்மையான ஆதாரம் இருப்பது இந்த வகைக்குத்தான்.

மற்றவை கடையில் தீர்க்கிற விஷயம் இல்லை. காசு அளவு வட்டமாக வழுக்கென்று விழுந்தால் புழுவெட்டு என்போம். அதில் புழுவும் இல்லை பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்காலையே தாக்குவதால் வருவது. அதன்மேல் உள்ளி தேய்த்துத் தோல் வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சின்னப் பிள்ளையின் தலையில் செதிளும் முறிந்த மயிரும் இருந்தால் பூஞ்சணமாக இருக்கலாம், அதற்கு உள்ளுக்குக் குடிக்கும் மருந்து வேண்டும், பூசுவது வேர்வரை போகாது. தலையில் வலி, சீழ், அல்லது மயிர்த்துளையே தெரியாமல் மினுங்கும் தோல் இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தழும்பு விழுந்த இடத்தில் பிறகு மயிர் வராது. பெண்களுக்கு மாதவிடாய் குழம்பி, நாடியிலும் மேலுதட்டிலும் மயிர் வளர்ந்தால் காரணம் ஹோர்மோனில் இருக்கலாம். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிறவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு. களைப்பும் உடம்பு பருப்பதும் சேர்ந்திருந்தால் தைரொய்ட். பெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), டிஎஸ்எச் (தைரொய்ட்டுக்கானது), முழு இரத்தப் பரிசோதனை, இந்த மூன்றையும் எடுக்கலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். காசு இல்லையென்று தயங்க வேண்டாம், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது, ஓபிடி என்ற வெளிநோயாளர் பிரிவு வழியாகப் போகலாம். காத்திருக்க வேண்டும், ஆனால் காசு வாங்க மாட்டார்கள்.

போத்தலின் பின்பக்கம்

முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். முன்பக்கம் விளம்பரம். திருப்புங்கள்.

மருந்தின் பெயர் இருக்க வேண்டும். வியாபாரப் பெயர் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். பக்கத்தில் எத்தனை வீதம் என்ற எண். தொகுதி இலக்கம், செய்த திகதி, காலாவதித் திகதி. செய்தவரின் முகவரி, வெளிநாட்டு மருந்தென்றால் இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர். இவற்றில் எது குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. 'இரகசிய மூலிகை' என்று எழுதியிருந்தால் அந்த இரகசியம் உங்கள் தலையில் கொப்புளமாகத்தான் தெரியவரும்.

இலங்கையில் மருந்துகளைப் பதிவு செய்வது தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. 'இது பதிவு செய்த மருந்தா?' என்று மருந்தாளரைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் எனக்குக் கோபம் வராது, சந்தோஷம்தான் வரும். பார்மசியில் நிற்கும் எல்லோரும் மருந்தாளர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டி எடுத்துத் தரும் தம்பி நல்ல பிள்ளையாக இருக்கலாம், ஆனால் 'மருந்தாளர் யார்?' என்று கேட்டு அவரோடு கதையுங்கள். லிப்டன் சுற்றுவட்டத்தடியில் இருக்கும் அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் இப்படிக் கேட்கலாம்.

அப்புறம் பொதிகள். கனடாவிலிருந்து சித்தப்பா ஆறு போத்தல் அனுப்புவார், துபாயிலிருந்து நண்பன் கொண்டு வருவான். அது கடையில் வாங்கியதா, இணையத்தில் யாரோ விற்றதா என்று கேளுங்கள். பெட்டியின் முத்திரை உடைந்திருக்கிறதா, பெட்டியிலும் போத்தலிலும் ஒரே தொகுதி இலக்கம்தானா என்று பாருங்கள். அங்கே ஆண்களுக்கென்று வாங்கிய போத்தலை இங்கே அம்மாவும் அக்காவும் பங்கு போட்டுக்கொள்வது எங்கள் வீடுகளில் நடக்கிற விஷயம். அது ஏன் கூடாது என்று அடுத்துச் சொல்கிறேன்.

மினொக்சிடில்

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். தலைமயிருக்கென்று எங்கள் கடையில் துண்டில்லாமல் கேட்கப்படுவதில் இதுதான் முதலிடம்.

1970களில் மினொக்சிடில் உயர் இரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் குளிசையாக வந்தது. குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் மயிர் வளர்ந்தது. அந்தப் பக்கவிளைவையே பயனாக்கி, தலையில் பூசும் திரவமாக அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கு அனுமதித்தார்கள். 1991இல் 2 வீதத் திரவம் பெண்களுக்கும் வந்தது. இந்தக் கதையை நான் எல்லோருக்கும் சொல்வேன். இது எண்ணெய் இல்லை, வாசனைத் தண்ணீர் இல்லை, இரத்தக் குழாயை விரிக்கும் ஒரு மருந்து என்பது மனதில் பதிய வேண்டும்.

என் கணவர் ஆறு வருடத்துக்கு மேல் இதைப் பூசுகிறார். உச்சியில் பூசிவிடுவது நான். அவருக்குத் தன் உச்சி தெரியாதல்லவா. நாங்கள் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு, படுக்கப்போவதற்குக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னால். தலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத் தலையில் மருந்து கூடுதலாக உள்ளே போகும், எரியும். கொழும்பு வெக்கைக்கு வேலையால் வந்தவுடன் தலை வியர்வையில் ஊறியிருக்கும். குளித்து, ஃபேனுக்குக் கீழே இருபது முப்பது நிமிடம் இருந்தபிறகுதான் கதிரையில் உட்காருவார். சீப்பின் வாலால் மயிரை வகுந்து தோலை வெளியே எடுப்பேன். துளிக்குழாயில் 1 மில்லிலீற்றர் கோடு வரை இழுத்து, மயிரில் படாமல் தோலில், நடு உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக நாலைந்து இடத்தில் விடுவேன். மயிரில் பூசினால் மயிர்தான் நனையும், வேருக்கு ஒன்றும் கிடைக்காது. நுனிவிரலால் மெதுவாகப் பரப்பினால் போதும், தேய்க்கக் கூடாது. வழிந்து நெற்றிக்கு வந்தால் துணியால் ஒற்றி எடுப்பேன், இல்லையென்றால் நெற்றியில் மயிர் வளரலாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன். அதற்குப் பிறகு நான்கு மணித்தியாலத்துக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது.

திரவத்தில் மதுசாரம் இருக்கிறது, தீப்பற்றும். பூசிய ஈரத்தோடு சாமி விளக்கேற்றக் குனியாதீர்கள், அடுப்படிக்குப் போகாதீர்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பூசியவுடன் ஹெல்மெட் போட்டால் மருந்து ஹெல்மெட்டின் பஞ்சுக்குத்தான் போகும், அதனால் காலையில் பூசுவதென்றால் கிளம்புவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் பூசுங்கள்.

எத்தனை வீதம் என்று கேட்டால், ஆண்களுக்கு 5 வீதத் திரவம் காலையும் மாலையும் 1 மில்லிலீற்றர். பெண்களுக்கு 2 வீதத் திரவம் இரண்டு வேளை, அல்லது 5 வீத நுரை ஒரு வேளை. ஆண்களின் 5 வீதத் திரவத்தை இரண்டு வேளையும் பூசும் பெண்களுக்கு முகத்தில் மயிர் வளரும் வாய்ப்பு அதிகம். சித்தப்பாவின் போத்தலைப் பங்கு போட வேண்டாம் என்றது இதற்குத்தான். 10, 15 வீதம் என்று இணையத்தில் வருவதை வாங்காதீர்கள். அளவு கூடினால் மயிர் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, எரிச்சலும் படபடப்பும் கூடும்.

பூச ஆரம்பித்து இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பழைய மயிரைத் தள்ளிவிட்டுப் புது மயிர் வளரத் தொடங்குவதால் அப்படி. இதைச் சொல்லாமல் மருந்தை விற்பது பெரிய பிழை. ஒரு தம்பி தன் கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்து 5 வீதம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் கொட்டும் மாதமாக இருந்தால் மணவறையில் இருக்கும்போது இப்போதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று விளக்கினேன். கலியாணம் முடிந்து அவரும் மனைவியுமாக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான்கு மாதத்துக்கு முன் பலன் தெரியாது. மாதம் ஒருமுறை ஒரே யன்னலடியில், ஒரே வெளிச்சத்தில், காய்ந்த தலையைப் படம் எடுத்து வையுங்கள், கண்ணாடி நாளுக்கு நாள் வேறு கதை சொல்லும். ஒரு வருடம் ஒழுங்காகப் பூசியும் ஒன்றுமே இல்லையென்றால் நிறுத்திவிட்டு டொக்டரைப் பாருங்கள். சிலரின் தலைத்தோலில் இந்த மருந்தை வேலை செய்யவைக்கும் நொதியம் குறைவு, அவர்களுக்கு எத்தனை போத்தல் பூசினாலும் பிடிக்காது. பலன் கிடைத்தவர்கள் நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் வந்ததெல்லாம் போய்விடும். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் கடையில் இதுவும் முடிந்துபோனது. என் கணவரின் உச்சி அந்த வருடம் பழைய நிலைக்கே திரும்பியது. மருந்து திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். உச்சி ஓரளவு அடர்ந்திருக்கிறது, நெற்றி மூலைகள் அப்படியேதான். அவருக்கு அது போதும்.

அதனால் வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 60 மில்லிலீற்றர் போத்தல், நாளுக்கு 2 மில்லிலீற்றர் என்றால் 30 நாள். ஒரு போத்தலின் விலையைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையை வருடா வருடம் கொடுக்க முடியுமென்றால் தொடங்குங்கள். முடியாதென்றால் இப்போதே வேண்டாம் என்று முடிவெடுப்பதில் ஒரு குறையும் இல்லை.

யார் பூசவே கூடாது? கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாமார், 18 வயதுக்குக் குறைந்தவர்கள். இருதய நோயோ இரத்த அழுத்தத்துக்கு மருந்தோ இருந்தால் முதலில் உங்கள் டொக்டரைக் கேளுங்கள். தலையில் காயம், சிவப்பு, சொறி இருக்கும்போது பூசக் கூடாது. நேர்த்திக்கு மொட்டை அடித்தவர்கள் சவரக்கத்தி கீறிய இடம் ஆறும்வரை பொறுங்கள். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பது உண்மையில்லை, வெட்டிய நுனி தடிப்பாகத் தெரிவதால் வரும் எண்ணம் அது. பூசிய பிறகு நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, கால் வீக்கம், திடீரென எடை கூடுதல் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். வெறும் சொறியும் செதிளும் என்றால் அநேகமாக அது திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைகோல் ஒத்துக்கொள்ளாததால். நுரை வடிவில் பொதுவாக அது இல்லை, அதற்கு மாறிப் பார்க்கலாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். மருந்து பூசிய தகப்பனின் தலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்த குழந்தைகளுக்கு உடம்பில் மயிர் வளர்ந்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகியிருக்கின்றன. தொடுகை நின்றதும் சில மாதத்தில் சரியாகிவிட்டது. பூனை வளர்க்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: மினொக்சிடில் பூனைக்கு நஞ்சு, தலையணையையோ கையையோ நக்கினாலே உயிர் போகலாம். போத்தலை உயரத்தில் வையுங்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.

கலந்து வரும் மருந்துகள்

இப்போது மினொக்சிடிலோடு பினாஸ்டரைட் கலந்த ஸ்பிரேகள் வருகின்றன. பினாஸ்டரைட் ஆண் ஹோர்மோனின் வேலையைக் குறைக்கும், டொக்டரின் துண்டோடு மட்டும் பாவிக்க வேண்டிய மருந்து. கர்ப்பிணியின் உடம்புக்குள் போனால் வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. கணவன் பூசியதை மனைவி தொட்டாலும் கவலைதான். 'தலையில்தானே பூசுகிறோம், உடம்புக்குள் போகாது' என்று விற்கிறார்கள். போகும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் இப்படிக் கலந்து விற்கும் பூச்சுகள் பற்றி எச்சரித்தது. 2019 தொடக்கம் 2024 வரை 32 பேரின் பக்கவிளைவுகள் தங்களுக்கு அறிவிக்கப்பட்டதாகச் சொன்னது. மனச்சோர்வு, பாலியல் குறைபாடுகள், மூளை மந்தம் எல்லாம் அதில் இருந்தன. டொக்டர் பார்த்து எழுதினால் அது வேறு விஷயம், இணையத்தில் பார்த்து வாங்குவது வேறு.

ஸ்டெரொய்ட் கலந்தவை இன்னொன்று. பெட்டமெதசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களை லேபிளில் கண்டால் டொக்டரின் துண்டில்லாமல் தொடாதீர்கள். புழுவெட்டுக்கு டொக்டரே இதைக் கொடுப்பார், எத்தனை நாள் என்று சொல்லித்தான் கொடுப்பார். சொறி நின்றதென்று நாமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரியும்.

கீட்டோகொனசோல் 2 வீத ஷாம்பு பொடுகுக்கு நல்லது. வாரம் இரண்டு முறை, நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் வைத்துக் கழுவுங்கள். பொடுகும் அரிப்பும் அடங்கினால் சொறிந்து விழும் மயிர் குறையும். வழுக்கையில் மயிர் முளைக்கவைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எண்ணெய்

எண்ணெயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மம்மா கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயில்தான் நாங்கள் வளர்ந்தோம். தேங்காயெண்ணெய் மயிரிழைக்குள் ஊறி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். மயிர் முறியாது, மினுக்கம் இருக்கும். ஆனால் ஓய்ந்துபோன மயிர்க்காலை எழுப்பாது. அம்மம்மாவின் எண்ணெயில் எனக்குப் பிடித்தது, உள்ளே என்ன போட்டது என்று எங்களுக்குத் தெரியும். தாச்சியில் இலை பொரிவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். கடையில் வாங்கும் ஆயுர்வேத, சித்த எண்ணெய்க்கும் அதே நம்பிக்கை வேண்டுமென்றால், மூலிகைகளின் பெயரும் செய்தவரின் முகவரியும் உள்ளதை வாங்குங்கள், பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் ஒரு வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்க எண்ணெய் ஊறவிடாதீர்கள், பொடுகை வளர்க்கும் பூஞ்சணத்துக்கு எண்ணெய் சாப்பாடு.

ரோஸ்மேரி எண்ணெய் கேட்டுப் பல பிள்ளைகள் வருகிறார்கள். 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 100 பேரை ஆறு மாதம் பார்த்து, 2 வீத மினொக்சிடிலுக்குச் சமமாக இருந்தது என்றார்கள். அது ஒரு சின்ன ஆய்வு, 5 வீதத்தோடு ஒப்பிடவில்லை. பூசிப் பார்க்க ஆசையென்றால் பாருங்கள், ஆனால் அந்த வடித்த எண்ணெயை நேராகத் தோலில் விடாதீர்கள். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு இரண்டு துளி போதும்.

எந்தப் புது மருந்தாக இருந்தாலும், எண்ணெயாக இருந்தாலும், முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் தலைக்குப் போக வேண்டாம். ஒரே நாளில் இரண்டு புதுப் பொருளைத் தொடங்காதீர்கள், பிறகு எது பிழைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் தலையைச் சாதாரண ஷாம்புவால் கழுவிவிட்டு, போத்தலை எறியாமல் டொக்டரிடம் கொண்டுபோங்கள். பிள்ளை மினொக்சிடிலைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், போத்தலையும் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி. லேபிளில்லாத பொருளை விற்றவர்களைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்துச் சொல்லலாம். தங்கச்சி அழைக்க விரும்பவில்லை, நான் அழைத்தேன்.

எங்கள் கடையோ வேறு கடையோ, வரும்போது பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு மூன்று படம், இப்போது குடிக்கும் மருந்துகளின் பெயர்கள், ஏற்கனவே பூசிக்கொண்டிருக்கும் போத்தல், இவற்றைக் கொண்டு வாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் வெள்ளவத்தைக் கடைகளில் கூட்டம் குறைவு. எங்கள் கடையில் பின்பக்கத் திரைக்கு அப்பால் ஒரு கதிரை போட்டிருக்கிறேன், அங்கே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றலாம்.